சீமெந்துத் தரையும் கிழமைக் கடனும்



தை மாதக் கடைசியில், நிலாவெளி வீதியோரக் கிராமம் ஒன்றில் தாய்மார் கூட்டம் முடிந்து நான் சைக்கிளை எடுக்கும்போது ஒரு அக்கா பின்னால் ஓடி வந்தார்.

"மிஸ், இந்தமுறை லோன் எடுத்து டைல்ஸ் போடலாம் எண்டு இருக்கிறன். குழுவில ஒரு ஆள் குறையுது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நீங்க ஒரு சொல் சொன்னா அவ கையெழுத்து வைப்பா."

குழுக் கடன் எப்படி இயங்குகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒருத்தி எடுக்கும் கடனுக்கு மற்றவர்கள் பிணை நிற்க வேண்டும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்களின் வாசலில் ஆள் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஏற்கனவே ஒருமுறை பிணை நின்று, தன் காதுத் தோட்டை அடைவு வைத்தவள். அவளைச் சம்மதிக்க வைக்கத்தான் என்னைக் கேட்டார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. "முதலில் உங்கட தரையைக் காட்டுங்கோ அக்கா" என்று கேட்டு வீட்டுக்குள் போனேன்.

2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின் ஒரு நிறுவனம் கட்டிக் கொடுத்த வீடு அது. சுவரும் கூரையும் நன்றாகவே இருந்தன. தரைதான் மாவாய்ப் போயிருந்தது. காலை கூட்டினால் ஒரு சிரட்டை சாம்பல் நிறத் தூள், மத்தியானம் கூட்டினால் இன்னொரு சிரட்டை. நடு அறையில் தட்டு அளவுக்குப் பள்ளங்கள். அடுப்படியில் தரையின் மேல்தோல் பப்படம் போல் எழும்பியிருந்தது. இளைய பிள்ளைக்கு இழுப்பு. தூசி ஒத்துக்கொள்ளாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அக்காவின் அவசரத்துக்கு இதெல்லாம் காரணமில்லை. மூத்த மகளுக்குப் பேச்சு வந்திருக்கிறது. வைகாசியில் பெண் பார்க்க வருவார்கள்.

கிழக்கு மாகாணத்தில் இது வெறும் வெளிப்பகட்டு அல்ல என்பதை வெளியூர் வாசகியருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். கலியாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ கொட்டிலுக்கோ ஒதுங்குவார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதற்கு நீண்ட பெயர்கள் சொல்லித் தந்தார்கள். வேலைக்கு வந்த பின்தான் அதன் பாரம் தெரிந்தது. மகள் பிறந்த நாளிலிருந்து தாயின் கண் சுவரிலும் கூரையிலும் தரையிலும் இருக்கும். அந்த அக்கா தன் வீட்டைத் திருத்த நினைக்கவில்லை, மகளின் வீட்டைத் திருத்த நினைத்தார். இதை விளங்காமல், "ஏன் வீண் ஆடம்பரம்" என்று புத்தி சொல்ல வருபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். (அப்படிப்பட்ட வீடுகள் பலவற்றின் பத்திரம் கணவர் பெயரில் எழுதப்பட்டது வேறொரு கதை. அதை இன்னொரு மாதம் பேசுவோம்.)

ஆகவே தரை திருந்தத்தான் வேண்டும். அதற்கு டைல்ஸ்தானா வேண்டும், கடன்தானா வேண்டும் என்பதே என் கேள்வி.

கடனைப் பற்றி அதிகம் விரிக்கப் போவதில்லை. 2018-ம் ஆண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்து, கட்ட முடியாமல் நின்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க முன்வந்தது. திருகோணமலையும் அதில் ஒரு மாவட்டம். 2021 மார்ச் 8-ம் திகதி, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்கில் வீதியோரத்தில் இருந்தார்கள். இவர்களில் எத்தனை பேரின் கடன் ஒரு தரையோடு தொடங்கியது என்று எவரும் எண்ணவில்லை. என் வட்டாரத்தில் நான் சில வீடுகளைக் கண்டிருக்கிறேன். டைல்ஸ் பளபளக்கும். வீட்டுக்காரி கொழும்பில் பிறர் வீட்டு டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

தரையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மம்மா வீட்டில், திருக்கடலூரில், சிவப்புச் சீமெந்துத் தரை. அந்தக் காலத்தில் வசதியான வீடுகளிலும் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் அதுவே மதிப்பான தரை. சனிக்கிழமை காலை மெழுகுப் பொலிஷை மெல்லியதாகப் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையை ஒரு காலின் கீழ் வைத்து அங்குமிங்கும் தேய்ப்போம். எனக்கும் தம்பிக்கும் அது விளையாட்டு. முழங்கால் மடக்கத் தேவையில்லாததால் அம்மம்மாவுக்கும் அது சுகம். மத்தியானம் பாய் விரிக்காமலே படுக்கலாம், அவ்வளவு குளிர்ச்சி. அந்தத் தரைக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஓரிடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு உண்டு. மாவாகவில்லை, எழும்பவில்லை.

அம்மம்மாவின் தரைக்கு ஐம்பது வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை, அக்காவின் தரை சில வருடங்களிலேயே தூளாகத் தொடங்கியது. இரண்டும் சீமெந்துதான். பிறகு ஏன்?

இந்தக் கேள்வியை எனக்குத் தெரிந்த ஒரு வயதான மேசனாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பிள்ளை, அப்ப சீமெந்து குறைவு, தண்ணி கூட. இப்ப சீமெந்து கூட, தண்ணி குறைவு" என்றார். எனக்கு விளங்கவில்லை. குழைக்கும்போது தண்ணீர் கூடினால் கெடுதல் என்றல்லவா சொல்வார்கள்? அதுவும் சரி, இதுவும் சரி என்று அவர் விளக்கினார். பிறகு புத்தகங்களிலும் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி.

சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. எங்கள் சீனக்குடாப் பக்கம் போனவர்கள் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையைக் கண்டிருப்பீர்கள். 1982-ல் நிறுவப்பட்ட கம்பனி. சுண்ணாம்புக்கல்லையும் களியையும் 1,400 பாகைக்கு மேல் சுட்டால் வரும் கிளிங்கர் என்ற கட்டி கப்பலில் துறைமுகத்துக்கு வரும், இங்கே அதை ஜிப்சத்தோடு சேர்த்து அரைப்பார்கள். அதே கரையில் பிறிமா கோதுமை மா ஆலையும் இருப்பதால், "எங்கட துறைமுகத்தில ரெண்டு மா அரைபடுது, ஒண்டு தின்ன, ஒண்டு மிதிக்க" என்று எங்களூரில் பகிடி சொல்வார்கள். சூளையின் சூட்டில் அந்தக் கட்டி இழந்ததைத் தண்ணீர்தான் வேறு உருவில் திருப்பிக் கொடுக்கிறது. தண்ணீர் சேரச் சேர நுண்ணிய பளிங்குகள் ஒன்றோடொன்று பின்னி வளரும். ஒரு நாளில் முடியும் வேலை அல்ல இது. சாதாரண சீமெந்து 28 நாளில் அடையும் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முதல் ஏழு நாளில் அடைகிறது. அந்த ஏழு நாளும் மேற்பரப்பு ஈரமாக இருந்தால்தான் அது நடக்கும். காய்ந்துவிட்டால் பளிங்கு வளர்வது நின்றுபோகும். தரையின் மேல் அரை அங்குலம் வெயிலும் காற்றும் முதலில் தொடும் இடம். அதுதான் முதலில் காயும், அதுதான் பிறகு மாவாகும்.

குழைக்கும்போது ஊற்றும் தண்ணீர் வேறு கதை. குழைப்பதற்கு இலகுவாக இருக்கிறதென்று கஞ்சி போல் ஊற்றினால், மிஞ்சிய தண்ணீர் மேலே எழும்பி வந்து நிற்கும், கூடவே மெல்லிய களியையும் சீமெந்துப் பாலையும் கொண்டு வரும். அந்தத் தண்ணீர் நிற்கும்போதே மேலே வெறும் சீமெந்தைத் தூவித் தேய்த்துவிட்டால், பார்வைக்குக் கண்ணாடி போல் இருக்கும். அடியில் பலமில்லாத ஒரு படை இருக்கும். சில மாதங்களில் மேல்தோல் கழரும். அக்காவின் அடுப்படியில் நடந்தது அதுதான்.

கடல்கோளுக்குப் பின் ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பின. மேசன்மாருக்குத் தட்டுப்பாடு, மணலுக்குத் தட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக அவசரம். நன்றாகக் கட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் தரை என்பது கடைசி வேலை. காசும் பொறுமையும் முடியும் நேரத்தில் செய்யப்படும் வேலை. மேசன் ஒரு நாளில் பூசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பூசியதற்கு அவருக்குக் கூலி உண்டு. அதன் பின் ஏழு நாள் தண்ணீர் ஊற்றுவது யார்? அந்த வேலை எந்த மதிப்பீட்டிலும் இல்லை. வீட்டுப் பெண் குடத்தோடு செய்வாள் என்பது எழுதாத ஒப்பந்தம். அவளோ முகாமில் இருந்தாள், அல்லது கிணறு உப்பாகிப்போய்க் குடிதண்ணீர் வண்டிக்கு வரிசையில் நின்றாள். யார் ஊற்றுவது? யாரும் ஊற்றவில்லை.

நல்ல தரை ஆடம்பரம் அல்ல என்பதற்கு, கடல் தாண்டி ஒரு சான்று உண்டு. 2000-ம் ஆண்டு மெக்சிக்கோ நாட்டின் கோவாஹுயிலா மாநிலத்தில் 'பீசோ ஃபிர்மே', அதாவது 'உறுதியான தரை' என்றொரு திட்டம் தொடங்கியது. மண்தரை உள்ள ஏழை வீடுகளுக்கு, 50 சதுர மீற்றர் வரைக்கும், குழைத்த கொங்கிறீற்றை அரசாங்கமே வண்டியில் கொண்டுவந்து கொட்டியது. அறையைத் தயார் செய்வதும் பரவி மட்டப்படுத்துவதும் குடும்பத்தின் வேலை. சில வருடங்களின் பின் ஆய்வாளர்கள், திட்டம் நடந்த தொரியோன் நகரத்தையும், எல்லைக்கு அப்பால் வேறு மாநிலத்தில் திட்டம் கிடைக்காத பக்கத்து நகரங்களையும் ஒப்பிட்டார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வின்படி, முழுக்க மண்தரையாக இருந்த வீடு முழுக்கச் சீமெந்துத் தரையானால் சிறு பிள்ளைகளின் குடற்புழுத் தொற்று 78 வீதமும், வயிற்றோட்டம் 49 வீதமும், இரத்தச்சோகை 81 வீதமும் குறைகிறது. இதைவிட என்னைத் தொட்டது, அவர்கள் தாய்மாரையும் கேட்டார்கள் என்பதே. மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. அந்த வீடுகளில் ஒன்றிலும் டைல்ஸ் போடப்படவில்லை. வெறும் சீமெந்து.

சாணி மெழுகிய மண்தரையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் மெழுகிய எங்கள் மூத்தவர்களின் உழைப்பு அதைக் காப்பாற்றியது. உடைந்த சீமெந்துத் தரைக்கு அந்த வசதியும் இல்லை. மெழுகவும் முடியாது, கழுவவும் முடியாது.

இன்னொரு வேடிக்கை. இப்போது கொழும்பில் பெரிய செலவில் கட்டும் வீடுகளிலும் கோப்பிக் கடைகளிலும் 'கட் சீமெந்து' என்று பளபளப்பான சாம்பல் தரையைத்தான் தேடிப் போடுகிறார்கள். மேல்நாடுகளில் கொங்கிறீற்றை வைரப்பல் பொருத்திய இயந்திரத்தால் படிப்படியாக அரைத்துக் கண்ணாடியாக்குகிறார்கள். அது தடித்த, கெட்டியான கொங்கிறீற்றுக்கு உரிய முறை. எங்கள் வீடுகளின் மெல்லிய பூச்சில் அந்த இயந்திரம் வைத்தால் தரை பிய்ந்து வரும். எவராவது வந்து உங்கள் பழைய தரையை அரைத்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு அம்மம்மா காலத்துக் கரண்டி முறை போதும்.

அக்காவிடம் சொன்னேன்: "டைல்ஸுக்கும் அடியில் இதே தரைதான் இருக்கப்போகுது. இது எழும்பினால் டைல்ஸும் எழும்பும். முதலில் ஒரு அறையை ஒழுங்காகப் பூசிப் பார்ப்போம். கடன் எங்கேயும் ஓடிவிடாது." அவருக்கு அரை மனம். கையில் சீட்டுக்காசு கொஞ்சம் இருந்தது. நடு அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஓர் அங்குலக் கனத்தில் பூச மூன்று, மூன்றரை மூடை சீமெந்து போதும் என்று கணக்குப் பார்த்தோம். 2021-ன் தொடக்கத்தில் 1,000 ரூபாவை அண்டியிருந்த 50 கிலோ மூடை 2022 நெருக்கடியில் 3,000 ரூபாவைத் தாண்டியதை மறக்க முடியுமா? அன்றிலிருந்து நாங்கள் மூடையை எண்ணித்தான் பேசுகிறோம்.

முதலில் ஒரு இரும்புக் கம்பியால் பழைய தரையைத் தட்டிக்கொண்டே போனோம். கெட்டியான இடம் 'டிக்' என்று கேட்கும். அடி விட்டுப்போன இடம் வெறும் பானை போலக் கேட்கும். வெறும் பானைச் சத்தம் வந்த இடங்களையெல்லாம் கரியால் வட்டம் போட்டு, அவற்றை முழுதாக உடைத்து எடுத்தோம். மிச்சத் தரையை உளியால் கொத்திக் கரடாக்கி, தூசி ஒரு துளியும் இல்லாமல் கழுவி, இரவு முழுக்க நனைய விட்டோம். காய்ந்த பழைய தரை புதுப் பூச்சின் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் இந்த நனைப்பு. தரை ஓர் அங்குலம் உயரும்போது கதவு இடிக்கும் என்பதை மறந்துவிட்டோம். பிறகு ஓடாவியைக் கூப்பிட்டுக் கதவின் அடியைச் சீவ வேண்டி வந்தது. நீங்கள் முதலிலேயே அளந்து பாருங்கள்.

மணல் விசயத்தில் ஒரு சண்டையே நடந்தது. வேலைக்கு வந்த மேசன் கடற்கரையோரத்து மணல் ஒரு லோட் மலிவாக வரும் என்றார். அக்கா ஒரு பிடி மணலைக் கோப்பையில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, நாக்கில் தொட்டுப் பார்த்தார். உப்பு. "உப்புப் போட்டா கறிதான் ருசிக்கும், தரை ருசிக்காது" என்றார். உப்பு மணல் எப்போதும் ஈரத்தை இழுக்கும், வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கம்பி வைத்த கொங்கிறீற்றாக இருந்தால் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கிண்ணியாப் பக்கத்துக் கங்கை மணலே எடுப்பித்தோம். மகாவலி எங்கள் கொட்டியாரக்குடாவில் வந்து விழுவது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் கங்கை மணலிலும் களி இருக்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள். மணல் அடியில் தங்கும், களி மேலே ஒரு படையாக நிற்கும். மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் களி நின்றால் கழுவாமல் பாவிக்க வேண்டாம். குழைக்கும் தண்ணீரும் அப்படியே, கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீர் கூடாது.

சீமெந்து மூடையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எஸ்.எல்.எஸ். 107 என்றால் சாதாரண போட்லண்ட் சீமெந்து. எஸ்.எல்.எஸ். 1247 என்றால் கலப்புச் சீமெந்து. கலப்புச் சீமெந்து மெதுவாகப் பலம் பெறும், ஆகவே ஏழு நாளுக்குப் பதில் பத்துப் பதினான்கு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். கட்டு வேலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் மட்டும் என்று விற்கும் சீமெந்து தரைக்கு ஆகாது.

ஒரு தாச்சி சீமெந்துக்கு மூன்று தாச்சி மணல். கையில் உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கால் வழியக் கூடாது. அவ்வளவு தண்ணீர்தான். நனைந்த பழைய தரையில் சீமெந்துக் கரைசலைத் தும்புக்கட்டையால் தேய்த்து, அது காயுமுன் கலவையைப் பரவி, மட்டக்கோலால் இழுத்து, பலகையால் அழுத்தி விட்டோம். அதன் பின் ஒரு காத்திருப்பு. மேலே நின்ற ஈரம் மறைந்து, பெருவிரலால் அழுத்தினால் இலேசாகத் தடம் விழும் பதம் வரும்வரை எதுவும் செய்யக் கூடாது. மேசனுக்குப் பொறுமையில்லை. "இது பொம்பிளையள் பாக்கிற வேலையில்லை" என்று முணுமுணுத்தார். அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அவரை உட்கார வைத்தார். பதம் வந்ததும் சீமெந்தோடு சிவப்புக் காவித்தூளைக் கலந்து சல்லடையால் தூவி, இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார் அவர். உள்ளதைச் சொல்ல வேண்டும், கரண்டியைக் கையில் எடுத்த பிறகு மனுசன் கெட்டிக்காரன். ஒன்றுக்கு மூன்று தரம் தேய்த்தார். பளபளப்பு அந்த அழுத்தத்தில்தான் வருகிறது. காவித்தூள் சீமெந்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கூடினால் நிறம் கூடாது, பலம் குறையும். அறையின் நடுவே இரு பக்கமும் கோடு கீறி நான்கு கட்டமாகப் பிரித்தோம். வெடிப்பதென்றால் அந்தக் கோட்டோடு வெடிக்கட்டும் என்பதற்காக.

குழைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஈரச் சீமெந்து தோலைப் பொசுக்கும். முதலில் எரிவு தெரியாது, இரவில்தான் தெரியும். வெறுங்காலால் மிதித்துக் குழைக்காதீர்கள். கைக்கு இறப்பர் உறை, காலுக்குச் சப்பாத்து. பட்டால் உடனே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பழைய தரையைக் கொத்தும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், நனைத்துக் கொத்துங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. இழுப்புக்காரப் பிள்ளையை அந்த இரண்டு நாளும் அம்மம்மா வீட்டுக்கு அனுப்பினோம்.

அடுத்த நாள் காலையிலிருந்து தண்ணீர். இங்கே என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் அம்மாவின் வீட்டு முன்மண்டபத்தை ஆடி மாதத்தில் பூசினோம். மூன்றாம் நாள் உறவினர் வந்துவிட்டார்கள் என்று தண்ணீரை நிறுத்தி, பாய் விரித்து அவர்களை இருத்தினேன். படித்த பிள்ளை நான்தான். கச்சான் காற்று வாசலால் வந்து வாசலால் போனது. அந்தத் தரையில் இன்று வலைபோல் வெடிப்பு. அம்மா இன்னும் குத்திக் காட்டுவார். கச்சான் வீசும் மாதங்கள் தரை பூச நல்ல காலம் அல்ல. மாரி மழை ஓய்ந்து தை, மாசி, பங்குனிக்குள் முடிப்பது நல்லது. கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். வேறு வழியில்லை என்றால் கதவு ஜன்னலைச் சாத்தி வைத்துப் பூசுங்கள்.

தரை முழுக்கத் தண்ணீரைக் கட்டி நிறுத்தினால் அந்த ஒரு அறைக்கே இருநூற்றைம்பது லீற்றருக்கு மேல் வேண்டும். அவ்வளவு தேவையில்லை. பழைய சணற்சாக்குகளைப் பிரித்துக் கழுவி, நனைத்து, தரை முழுதும் மூடினோம். காலையும் மாலையும் நாலைந்து வாளி, மத்தியானம் ஒரு தெளிப்பு. கலப்புச் சீமெந்து என்பதால் பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் குடும்பம் முழுக்க விறாந்தையிலும் அடுப்படியிலும் படுத்தது. ஐந்தாம் நாள் கடலால் வந்த கணவர், "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தச் சாக்குக்குத் தண்ணி வார்க்கப் போறாய்?" என்று கேட்டார். எட்டாம் நாளிலிருந்து மாலை வாளியை அவரே தூக்கினார் என்று அக்கா சொன்னார். நான் கண்ணால் காணவில்லை.

ஒரு மாதம் கழிந்து நன்றாகக் காய்ந்த பின் மெழுகுப் பொலிஷ், தேங்காய் மட்டை. பராமரிப்பில் கவனிக்க வேண்டியது புளி. சீமெந்துக்குப் புளிப்பு எதிரி. தேசிக்காய்ச் சாறு, புளிக்கரைசல், வினாகிரி சிந்தினால் உடனே துடையுங்கள், விட்டால் பளபளப்பை அரித்துத் தழும்பு வைக்கும். கழிவறை கழுவும் அமிலத்தைக் கொண்டு ஒருபோதும் இந்தத் தரையைக் கழுவாதீர்கள். பொலிஷ் போட்ட தரை ஈரமானால் வழுக்கும், ஆகவே குளியலறை, கிணற்றடி, வாசற்படி ஆகியவற்றைப் பளபளப்பாக்க வேண்டாம். அவை பூச்சு ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் இழுத்துக் கரடாக இருக்கட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர், செயற்கைக் கால் பொருத்தியவர் உள்ள வீடுகளில், எங்கள் மாவட்டத்தில் அப்படி வீடுகள் குறைவில்லை, நடமாடும் அறைகளுக்குப் பொலிஷ் இல்லாத மட்டமான சீமெந்துத் தரையே போதும். பள்ளம் இல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

டைல்ஸ் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் காசு இருந்தால், அடித்தரை உறுதியாக இருந்தால், தாராளமாகப் போடுங்கள். கழுவ இலகு, புளிக்குப் பயமில்லை. பிறருடைய கையெழுத்தில் போடாதீர்கள் என்பதுதான்.

அக்காவின் நடு அறை முடிந்துவிட்டது. கதவடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வந்திருக்கிறது, கோடு கீறிய இடத்தில் அல்ல, வேறிடத்தில். அதைக் காட்டி என்னிடம் நியாயம் கேட்டார். பதில் இல்லை என்னிடம், மேசனாரைத்தான் கேட்க வேண்டும். அடுப்படியும் மற்ற அறையும் அப்படியே இருக்கின்றன. அடுத்த சீட்டு ஆவணியில் விழும், ஆனால் அப்போது கச்சான் வீசும், தை வரைக்கும் பொறுக்கப் போகிறார். லோன் பத்திரத்தை நிரப்பாமல் சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார், கிழித்துப் போடவில்லை. பெண் பார்க்க வருபவர்கள் ஆனிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். மகள் அந்தச் சிவப்புத் தரையில் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

பிணைக் கையெழுத்துக்காக எல்லோரும் காத்திருந்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண், போன கிழமை வேலிக்கு மேலால் சாக்குகளைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள். அவள் வீட்டில் இன்று நாலாம் நாள் தண்ணீர்.